நாட்பட்ட நுரையீரல் நோயும் வீட்டுக் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்வி பதில்கள் யாருக்கு?

சிஓபிடி என்று மருத்துவர்கள் சீட்டில் எழுதும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும். புகைபிடித்தல், அடுப்புப் புகை, வேலையிடத்துத் தூசு, எப்போதோ வந்துபோன காசநோய் என்று பல வழிகளில் வருகிற நோய் இது. வந்தபின் முழுதாகப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ 35 லட்சம் பேர் இதனால் இறந்திருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கும் நுரையீரல் இறுகிப்போகும் நார்த்திசு நோய்க்கும் பொருந்துவதை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

கருவிகளை வாங்கி வைத்துவிட்டால் நோய் கட்டுக்குள் வந்துவிடுமா?

வராது. விளம்பரங்கள் நேர்மாறாகச் சொல்வதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் சிஓபிடி நோயாளிகள் 256 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2013இல் வெளிவந்தது. பாதிப் பேரின் வீட்டில் தொடுதிரைக் கருவி வைத்தார்கள். அவர்கள் தினமும் அறிகுறிகளையும் ஆக்சிஜன் அளவையும் பதிவுசெய்ய, மருத்துவக் குழு தொலைவிலிருந்து கண்காணித்தது. மற்றவர்களுக்குக் கருவி கிடையாது, ஆனால் மருத்துவக் கவனிப்பில் குறை வைக்கவில்லை. ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், கருவி இருந்தவர்கள் மருத்துவமனையில் சேருவது தள்ளிப்போகவும் இல்லை, அவர்களின் வாழ்க்கைத் தரம் உயரவும் இல்லை.

தொழில்நுட்பம் வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. நல்ல கவனிப்பு ஏற்கெனவே கிடைக்கும் இடத்தில் கருவி தனியாக எதையும் கூட்டிவிடவில்லை, அவ்வளவுதான். கருவி தருவது ஓர் எண். அந்த எண் இறங்கினால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று முன்கூட்டியே பேசி எழுதி வைத்திருந்தால் அது உதவும். இல்லையென்றால் வீட்டுக்குள் புதிதாக ஒரு கவலை வந்து உட்கார்ந்துகொள்ளும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வரும்.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது?

கையில் இருக்கும் செல்பேசியின் கேமராவிலிருந்து. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

இன்ஹேலரை எப்படி இழுக்கிறோம் என்பதில்தான் மருந்து நுரையீரலுக்குப் போவதும் தொண்டையில் ஒட்டிக்கொள்வதும் இருக்கிறது. நாற்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான மதிப்பீட்டில், முறையாக இழுத்தவர்கள் 31 சதவீதம் மட்டுமே. அத்தனை ஆண்டுகளில் அந்த நிலை மேம்படவும் இல்லை. இன்ஹேலர்களின் வடிவம் எத்தனையோ முறை மாறியும், இழுக்கும் வாய் மாறவில்லை.

ஆகவே, நீங்கள் மருந்து இழுப்பதை வீட்டில் ஒருவர் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கட்டும். பிறகு வேகத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பாருங்கள். அழுத்தினால் பீச்சும் இன்ஹேலர் என்றால் கவனிக்க வேண்டியவை இவை: அழுத்துவதற்கு முன் குப்பியைக் குலுக்கினீர்களா? மூச்சை வெளியே விட்டீர்களா? இழுக்கத் தொடங்கியபோதே அழுத்தினீர்களா, அல்லது அழுத்திவிட்டு இழுத்தீர்களா? நான்கைந்து வினாடி நீளும்படி மெதுவாக இழுத்தீர்களா? அதன் பிறகு முடிந்தால் பத்து வினாடி மூச்சை அடக்கினீர்களா? வாயோரத்திலோ மூக்கிலோ வெண்மையாகப் புகைபோல் கசிந்தால், அந்தப் பஃப் பெரும்பாலும் காற்றோடு போய்விட்டது. அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவரவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஸ்பேசர் என்கிற குழாயைப் பொருத்திக்கொள்ளுங்கள். மருந்து அதற்குள் சற்று நேரம் மிதப்பதால் அவசரம் குறைகிறது.

பொடி மருந்து இன்ஹேலருக்கு விதி தலைகீழ். அதில் மெதுவாக இழுத்தால் பொடி கிளம்பாது, சட்டென்று பலமாக உள்ளிழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சு விடவே கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டிப்போகும். ஒருவருக்கு இரண்டு வகையும் எழுதிக் கொடுத்திருந்தால் குழப்பம் நிச்சயம். முடிந்தால் இரண்டையும் ஒரே வகையாக்கித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

எடுத்த வீடியோவை அடுத்த சந்திப்பில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ காட்டுங்கள். "நன்றாகத்தான் இழுக்கிறேன்" என்று வாயால் சொல்வதைவிட அந்த இருபது வினாடி அதிகம் சொல்லும். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால், வாய் கொப்பளித்துத் துப்புவது வரை வீடியோவில் இருக்கட்டும்.

சென்சார் பொருத்திய இன்ஹேலர் அவசியமா?

அவசியம் இல்லை, ஆனால் சிலருக்கு நல்ல பயன் தரும். இன்ஹேலரின் தலையில் மாட்டும் சென்சார், மருந்து இழுத்த தேதியையும் நேரத்தையும் செல்பேசிக்கு அனுப்புகிறது. சில வகைகள் இழுத்த வேகத்தையும் அளக்கின்றன. அன்றாட மருந்தை வாரத்தில் பாதி நாள் மறந்துவிடுகிறவரைப் பார்த்து, மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுவது நடக்கிற காரியம்தான். அதைத் தடுக்க இந்தப் பதிவு உதவும். அவசரத்துக்கு இழுக்கும் மருந்து சில நாட்களாகக் கூடிக்கொண்டே போவதையும் அது காட்டிக்கொடுக்கும்.

இவற்றை நம்பித் திட்டம் போடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். உள்ளேயே சென்சார் பதித்த டிஜிஹேலர் என்ற இன்ஹேலருக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் ஒப்புதல் தந்தது. 2024இல் அதன் தயாரிப்பாளரே விற்பனையை நிறுத்திவிட்டார். நோய் இருபது, முப்பது ஆண்டு கூட வரும், செயலி அத்தனை காலம் இருக்கும் என்று சொல்ல முடியாது. எனக்குக் கேட்டால், குப்பியில் மீதி எத்தனை பஃப் என்று காட்டும் சிறிய எண்ணிக்கைச் சாளரம் இருக்கிறதே, அதுதான் இந்தத் துறையின் மிக உருப்படியான கண்டுபிடிப்புகளில் ஒன்று. தண்ணீரில் மிதக்கவிட்டு மீதியைக் கணிக்கும் பழைய வழக்கத்தை நம்பாதீர்கள், அது தவறாகவே காட்டும்.

பல்ஸ் ஆக்சிமீட்டரில் சரியாக அளப்பது எப்படி?

விரலில் மாட்டினால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் கருவி இது. முதலில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிடுங்கள். விரலை மாட்டியதும் தெரியும் முதல் எண்ணை எழுதாதீர்கள், அது ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கையை அசைக்காமல் மார்பு உயரத்தில் வைத்து, ஒரு நிமிடம் போல் பொறுத்து, எண் ஓரிடத்தில் நிலைத்த பிறகு குறித்துக்கொள்ளுங்கள். கருவி காட்டும் நாடித்துடிப்பும் மணிக்கட்டில் நீங்கள் எண்ணும் துடிப்பும் பொருந்தவில்லை என்றால், ஆக்சிஜன் எண்ணையும் நம்ப வேண்டாம். வேறு விரலில் அளந்து பாருங்கள்.

இந்தக் கருவியின் அடிப்படைத் தத்துவத்தை 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் அவற்றை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்று பார்க்கிறது. இந்தச் செய்முறையிலேயே அதன் குறைகளும் இருக்கின்றன. தோலின் நிறம் ஒளியை உறிஞ்சும். அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வு ஒன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியும் ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் உண்மையில் தாழ்ந்திருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு காணப்பட்டது. கருநிறத் தோல் உள்ளவர்களுக்குக் கருவி ஓரிரு எண் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, புகைபிடிப்பவர்களுக்கு. சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஒட்டிக்கொண்டால், கருவியால் அதை ஆக்சிஜனிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆக, சிகரெட்டை அணைத்த கையோடு அளந்து, "97 இருக்கிறது பார்" என்று மகளிடம் காட்டுகிற அப்பாவின் எண்ணுக்கு மதிப்பில்லை.

எண் எவ்வளவு இருக்க வேண்டும்? 98 வராவிட்டால் பயப்பட வேண்டுமா?

ஆரோக்கியமானவருக்கான எண்ணைச் சிஓபிடி நோயாளியிடம் எதிர்பார்க்கக் கூடாது. முற்றிய நிலையில் உள்ள பலர் 90, 91 என்ற அளவிலேயே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் தேங்கும் போக்கு உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் செலுத்தும்போது மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். அவர்களுக்குக் குழாயைத் திருகி 98க்குக் கொண்டுபோனால் கார்பன் டை ஆக்சைடு மேலும் ஏறி, தூக்கக் கலக்கமும் மயக்கமும் வரலாம். விரல் கருவி கார்பன் டை ஆக்சைடைக் காட்டாது. எண் அழகாக இருக்கும்போதே ஆள் மயங்கிக்கொண்டிருக்க வழி உண்டு.

உங்களுக்கான வழக்கமான எண் எது, எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, கருவியின் முதுகிலேயே ஒட்டி வையுங்கள்.

நார்த்திசு நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டும், மாடிப்படி ஏறினால் 84க்குச் சரியும். ஆகவே நடக்கும்போதும் அளந்து, மிகக் குறைந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் ஆக்சிஜன் அளவை நம்பலாமா?

மருந்தோ ஆக்சிஜனோ சம்பந்தப்பட்ட முடிவுக்கு வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை மருத்துவக் கருவியாகச் சோதிக்கப்பட்டவை அல்ல. செல்பேசியின் கேமராவில் விரலை வைத்து ஆக்சிஜன் பார்க்கும் செயலிகளுக்கும் இதே பதில். கடிகாரத்தை நடந்த அடிகளை எண்ணப் பயன்படுத்துங்கள், அதில் அது கெட்டி.

நோய் திடீரென்று முற்றுவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பல நேரங்களில் முடியும், அதற்குத் தேவையான கருவி ஒரு நோட்டுப் புத்தகமோ செல்பேசியின் குறிப்புச் செயலியோதான். மூன்று விஷயங்களைப் பாருங்கள்: மூச்சுத் திணறல் கூடியிருக்கிறதா, சளியின் அளவு கூடியிருக்கிறதா, சளியின் நிறம் மாறியிருக்கிறதா. 1987இலிருந்து மருத்துவர்கள் நோய் முற்றுவதை அளக்க வைத்திருக்கும் அளவுகோல் இதுவே. இதை மிஞ்சும் சென்சார் இன்னும் வந்துவிடவில்லை.

ஒருவரின் குறிப்பு இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். திங்கள்: ஆக்சிஜன் 92, சளி வெள்ளை, அவசரத்துக்கு இழுக்கும் மருந்து ஒரு முறை. செவ்வாய்: 92, சளி சற்று அதிகம், இரண்டு முறை. புதன்: 91, சளி மஞ்சள், நான்கு முறை, குளித்து வந்து உட்கார்ந்தபின் மூச்சு அடங்க நேரமாயிற்று. வியாழன்: 89, சளி பச்சை, இரவில் சாய்ந்துதான் தூக்கம். ஆக்சிமீட்டர் வியாழக்கிழமைதான் எச்சரித்தது. சளியும் இன்ஹேலர் கணக்கும் செவ்வாயே தொடங்கிவிட்டன. கூப்பிட வேண்டிய நாள் புதன்.

கூப்பிட்டபின் என்ன செய்வது என்பதை மருத்துவரோடு சேர்ந்து ஒரு தாளில் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு, அதைச் செயல்திட்டம் என்கிறார்கள். எந்த அறிகுறிக்கு எந்த மருந்தை எத்தனை நாள், எப்போது மருத்துவமனை என்பதெல்லாம் அதில் இருக்கும். சிலருக்கு ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மாத்திரைகளை முன்கூட்டியே கொடுத்து வைப்பதும் உண்டு. ஆனால் தாளை மட்டும் கொடுத்துவிட்டு மருத்துவமனை ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 426 பேரிடம் நடந்த சுயமேலாண்மை ஆய்வு ஒன்றை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பயிற்சியும் செயல்திட்டமும் பெற்ற குழுவில் 28 பேர் இறந்திருந்தார்கள், மற்ற குழுவில் 10 பேர். 2012இல் அந்த முடிவு வெளியானபோது அதற்கான காரணத்தை ஆய்வாளர்களால் முழுமையாக விளக்க முடியவில்லை. நோயாளியே சமாளித்துக்கொள்வார் என்று விடுவதில் ஆபத்து இருக்கலாம் என்பதை அது உணர்த்தியது.

உதடு நீலம் பாய்ந்தால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால் அல்லது எழுப்பினாலும் எழாமல் தூக்கமாகவே இருந்தால், நெஞ்சு வலித்தால், அப்போது எந்தக் கருவியையும் தேடாதீர்கள். அவசர ஊர்தியை அழையுங்கள்.

வீட்டிலேயே ஊதிப் பார்க்கும் கருவி வாங்கலாமா?

எந்த நோய் என்பதைப் பொறுத்தது. ஆஸ்துமாவுக்கு, ஊதும் காற்றின் உச்ச வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் நல்ல துணை. காலையும் மாலையும் மும்மூன்று முறை ஊதி, மிக உயர்ந்ததைக் குறித்து வந்தால், ஏற்ற இறக்கம் தெரியும். சிஓபிடியில் அந்த எண் அவ்வளவாக ஆடாது, நோய் முற்றும்போதும் கொஞ்சமே இறங்கும், எனவே பயன் குறைவு. நார்த்திசு நோய் உள்ளவர்களுக்கு, ஊதும் காற்றின் அளவைக் காட்டும் வீட்டு ஸ்பைரோமீட்டர் மூலம் நுரையீரல் கொள்ளளவு மாதக்கணக்கில் குறைகிறதா என்று பின்தொடரும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. அங்கும் ஒரே நாளின் எண்ணை வைத்து எதுவும் முடிவுசெய்வதில்லை.

நோய் இருக்கிறதா என்று முதன்முதலில் கண்டறிவதற்கு வீட்டுக் கருவி போதாது. மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்தபின் முறையாகச் செய்யும் ஸ்பைரோமெட்ரிதான் அதற்கு.

அம்மாவுக்கு ஆக்சிஜன் செறிவூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலில், அது யாருக்கு என்பது. ஓய்விலும் ஆக்சிஜன் மிகவும் தாழ்ந்திருப்பவர்களுக்கு, பொதுவாக 88 அல்லது அதற்குக் கீழ் தொடர்ந்து இருப்பவர்களுக்கு, நீண்டகால ஆக்சிஜன் ஆயுளைக் கூட்டுகிறது. 1980, 1981இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின. நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். மூச்சு வாங்கும்போது மட்டும் அரை மணி நேரம் போட்டுக் கழற்றினால் அந்தப் பலன் கிடைக்காது. தூங்கும் நேரத்தைச் சேர்த்துக்கொண்டால் 15 மணி நேரம் அவ்வளவு கடினமாக இருக்காது. அதே சமயம், ஓரளவு மட்டுமே தாழ்ந்திருந்த 738 பேரிடம் நடத்தி 2016இல் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் கொடுத்தும் ஆயுளிலோ மருத்துவமனைச் சேர்க்கையிலோ வேறுபாடு இல்லை. மூச்சு வாங்குகிறது என்பதற்காக மருத்துவரைக் கேட்காமல் வாங்கி வைப்பது பெரும்பாலும் வீண் செலவு.

செறிவூட்டி ஆக்சிஜனை உற்பத்தி செய்வதில்லை. அறைக் காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனை ஜியோலைட் என்ற கனிமம் பிடித்துக்கொள்ள, மிஞ்சுவது 90 சதவீதத்தையொட்டிய ஆக்சிஜன். ஆகவே உள்ளே போகும் காற்று தடைபடக் கூடாது. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், மேலே துணி போடாதீர்கள், பின்புற வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஈரப்பதக் குடுவையில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுங்கள், பழைய நீரின் மேலேயே ஊற்றிக்கொண்டு போகாதீர்கள்.

தோளில் மாட்டிச் செல்லும் சிறிய கருவிகளில் பெரும்பாலானவை மூச்சு இழுக்கும்போது மட்டும் ஒரு வீச்சு ஆக்சிஜன் தருபவை. அதில் 2 என்று வைத்தால் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று பொருள் அல்ல. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். வாங்கும் முன், அதை மாட்டி நடக்கவைத்து ஆக்சிமீட்டரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். வாய்வழி மூச்சு விட்டுத் தூங்குபவர்களுக்கு இந்த வகை இரவில் ஒத்துவராமல் போகலாம்.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கு விடை இல்லாமல் செறிவூட்டியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். முழு சிலிண்டர் ஒன்று, அதைத் திறக்கத் தெரிந்த இருவர். நெருப்பு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது: அடுப்பு, விளக்கு, மெழுகுவத்தி எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளி இருங்கள். மூக்குக் குழாயை மாட்டிக்கொண்டு சிகரெட் பற்றவைத்து முகம் கருகியவர்கள் உண்டு. மூக்கு காய்ந்தால் தடவ நீர் அடிப்படையிலான களிம்பு மட்டும், பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம்.

பைபாப் இயந்திரம்?

முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்தோடு தள்ளி, களைத்துப்போன மூச்சுத் தசைகளுக்கு இரவில் ஓய்வு தருகிறது. கார்பன் டை ஆக்சைடு தேங்கிக்கிடப்பவர்களுக்கு இது பெரிய உதவி. கடுமையான பாதிப்பில் மருத்துவமனைக்குப் போய்வந்த 116 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், வீட்டு ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்கள் சராசரியாக 1.4 மாதத்தில் மறுபடி சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள். இயந்திரமும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு அது 4.3 மாதமாக நீண்டது.

இன்றைய இயந்திரங்கள் எத்தனை மணி நேரம் ஓடியது, முகமூடியில் எவ்வளவு கசிந்தது என்பதையெல்லாம் பதிந்து வைக்கின்றன. தொலைக்கண்காணிப்பு உண்மையாகவே பலன் தரும் இடம் இது என்பது என் எண்ணம். கசிவு கூடினால் முகமூடியை மாற்று என்று உடனே ஒரு வேலை இருக்கிறது அல்லவா? ஓசோன் வாயுவில் சுத்தம் செய்யும் பெட்டிகளை வாங்காதீர்கள். மிதமான சோப்பு நீரே போதும்.

மருத்துவமனைக்குப் போகாமல் வீடியோ மூலம் உடற்பயிற்சி செய்தால் பலன் உண்டா?

உண்டு, தாராளமாக. நுரையீரல் புனர்வாழ்வுப் பயிற்சி என்பது சிஓபிடிக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சிகிச்சைகளில் ஒன்று. நடையும் தசைப் பயிற்சியும் மூச்சு விடும் உத்திகளும் சேர்ந்தது. அதற்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் மையத்துக்குப் போக வேண்டும் என்பதுதான் சிக்கல். மாடியேறவே மூச்சு வாங்குபவரைப் பஸ் ஏறி வரச் சொன்னால் எத்தனை நாள் வருவார்? 15 ஆய்வுகளைத் தொகுத்து மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டில், தொலைவழிப் பயிற்சியும் நேரடிப் பயிற்சியும் ஏறத்தாழ ஒரே பலனையே தந்திருந்தன. பயிற்சியை முழுதாக முடித்தவர்கள் நேரில் 70 சதவீதம், தொலைவழியில் 93 சதவீதம். எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் முக்கியமாகப் படுகிறது.

தொடங்குமுன் ஒருமுறையாவது நேரில் போய் இதயத்தையும் நடக்கும்போது ஆக்சிஜன் இறங்குவதையும் பார்த்துக்கொள்வது அவசியம். பயிற்சியின்போது ஆக்சிமீட்டர் விரலில் இருக்கட்டும், வீட்டில் வேறொருவர் இருக்கட்டும். கேமராவை முகத்துக்கு நேராக வைக்காமல், கால் முதல் தலை வரை தெரியும்படி தள்ளி வையுங்கள், நிற்கும் முறையைப் பயிற்சியாளர் பார்க்க வேண்டும். மூச்சு வாங்கத்தான் செய்யும், அது தவறு அல்ல. பேச முடிகிற அளவுக்கு வாங்கினால் சரியான வேகம். பேச்சே வராவிட்டால் நிறுத்தி, முன்னே குனிந்து கைகளை எதன் மேலாவது ஊன்றி, உதட்டைக் குவித்து மெல்ல ஊதுங்கள்.

பதிவுசெய்த வீடியோவை மட்டும் பார்த்துத் தனியாகச் செய்வது இதற்கு ஈடாகாது. மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும்.

காற்றுத் தரச் செயலியைப் பார்த்து வெளியே போவதைத் தீர்மானிக்கலாமா?

போவதா வேண்டாமா என்பதைவிட, எப்போது போவது என்பதற்குப் பயன்படுத்துங்கள். செயலி காட்டும் எண் அருகிலுள்ள கண்காணிப்பு நிலையத்தினுடையது, உங்கள் வாசலினுடையது அல்ல. வீட்டில் வைக்கும் சிறிய சென்சார்கள் ஒளிச்சிதறலை வைத்து நுண்துகளை எண்ணுவதால், பனியும் ஈரமும் மிகுந்த காலையில் கூடுதலாகக் காட்டும். ஒரு குறிப்புக்காக: பிஎம் 2.5 எனப்படும் மிக நுண்ணிய துகள் 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறை. பெருநகரங்கள் பலவற்றில் இது எட்டாக்கனி.

காற்றுச் சுத்திகரிப்பான் பற்றியும் கேட்பார்கள். புகைபிடிப்பதை விட்டுவிட்ட சிஓபிடி நோயாளிகள் 116 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், ஒட்டுமொத்த வாழ்க்கைத் தரத்தில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை, ஆனால் மிதமான தீவிரத்தோடு நோய் திடீரென்று முற்றும் நிகழ்வுகள் குறைந்தன. வீட்டில் யாரும் புகைக்காமல் இருப்பதும், சமையல் புகை வெளியேற வழி இருப்பதும் அதற்கு முன் செய்ய வேண்டியவை.

செயற்கை நுண்ணறிவு இருமலைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுமாமே?

இருமலை எண்ணுவதில் அது தேறிவருகிறது. இரவில் எத்தனை முறை இருமினோம் என்பது நமக்கே தெரியாது என்பதால் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. ஒலியைக் கேட்டு நோயைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதாகச் சொல்லும் செயலிகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். எந்தச் செயலியை நிறுவினாலும், பதிவுகள் எங்கே போகின்றன, கணக்கை மூடினால் அழிக்கப்படுமா, காப்பீட்டு நிறுவனங்களுக்கோ விளம்பரதாரருக்கோ தரப்படுமா என்று பாருங்கள். ஒலிவாங்கியை இரவெல்லாம் திறந்து வைக்கும் செயலி படுக்கையறைப் பேச்சையும் கேட்கும்.

அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் பழக்கமில்லை. என்ன செய்வது?

பழக்க வேண்டாம். அவர் நோட்டில் எழுதட்டும், நீங்கள் வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எண் தெரியும் ஆக்சிமீட்டர், பேசும் வசதி மட்டும் உள்ள போனில் காலை மருந்துக்கு ஓர் அலாரம், மருத்துவமனை எண்ணுக்கு ஒரே பொத்தான் ஆகியவை போதும். தொலைவில் இருக்கும் மகனோ மகளோ செயலியைத் திறந்து அவருடைய எண்ணைப் பார்த்துவிட்டு "ஏன் 90?" என்று தினமும் கேட்பது மட்டும் வேண்டாம். அவர் கருவியைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிடுவார், அதில் அவர்மேல் தவறும் இல்லை. சேர்ந்து நடக்கலாம் என்று கூப்பிட்டால் வருவார்.

அம்மா இரவில் பத்து முறை எழுந்து ஆக்சிஜன் பார்க்கிறார். தடுக்கலாமா?

பதற்றம் மூச்சை வேகமாக்கும், வேகமான மூச்சு திணறலைக் கூட்டும், திணறல் மறுபடி கருவியைத் தேடவைக்கும். மருத்துவர் வேறு மாதிரி சொல்லாதவரை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, உடம்பு சரியில்லாதபோது கூடுதலாக ஒன்று என்று வைத்துக்கொண்டு, இரவில் கருவி அடுத்த அறையில் இருக்கட்டும். பதற்றம் இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்தே வருவது. அதற்குத் தனியாகச் சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வீடியோ ஆலோசனைக்கு எதையெல்லாம் தயாராக வைத்திருப்பது?

நிலையாக இருக்கும்போது மறுபரிசோதனைக்கு வீடியோ நல்லது. புதிதாக நெஞ்சு வலி, காய்ச்சல், கால் வீக்கம், சளியில் ரத்தம் என்றால் நேரில்தான், நுரையீரலின் ஒலியை யாராவது கேட்டாக வேண்டும்.

வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள், உதட்டின் நிறம் தெரிய வேண்டும். எல்லா இன்ஹேலர்களையும், காலியானதையும் சேர்த்து, மேசையில் வையுங்கள். ஒரு வாரக் குறிப்பு, அன்றைய ஆக்சிஜன் அளவு, நாடித்துடிப்பு, எடை. சிஓபிடிக்கென்று எட்டுக் கேள்விகள் கொண்ட, 40 மதிப்பெண்ணுக்கான ஒரு படிவம் உண்டு, கேட் மதிப்பீடு என்பார்கள். முந்தின நாளே நிரப்பி வைத்தால் சென்ற முறையோடு ஒப்பிடலாம், 2 மதிப்பெண் கூடியிருந்தாலே பேச வேண்டிய விஷயம். ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள், அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு முடிவதற்குள் இன்ஹேலரை ஒருமுறை கேமரா முன்னால் இழுத்துக் காட்டிவிடுங்கள்.